போர்முனையிலிருந்து பணிமனைக்கு

புறத்திணை இலக்கியங்களைக் கற்போர் ஓர் உண்மையை எளிதில் உணர்வர். வீரன் போருக்கு எழுவதைப் பாடிய புலவர் பலர். அவன் களத்தில் நின்றதையும், புண்பட்டதையும், வீழ்ந்தபின் நடுகல்லானதையும் பாடியோர் அவரினும் பலர். வினை முற்றி மீளும் தலைவனின் தேரொலிக்குச் செவிசாய்த்துக் காத்திருக்கும் தலைவியை முல்லைத்திணை நமக்குக் காட்டுகிறது. ஆனால், வாளை வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, மறுநாள் காலை அவன் எத்தொழில் செய்து மனைவி மக்களைப் புரந்தான் என்பதை விரித்துரைக்கும் பாடல்கள் அரியனவாகவே உள்ளன.

கல்வெட்டுகள் இதற்குச் சிறிது விடை தருகின்றன. போரில் உயிர்நீத்தார் குடும்பத்திற்கு வழங்கிய நிலம் 'உதிரப்பட்டி' என்றும் 'நெய்த்தோர்பட்டி' என்றும் பெயர் பெற்றது. படையினர்க்கு விடப்பட்ட ஊர் 'படைப்பற்று' எனப்பட்டது. அக்காலத்து அரசு நிலத்தைக் கொடுத்துத் தன் கடனைத் தீர்த்தது. இக்காலத்தில் நிலம் கொடுப்பார் இல்லை. வேலை கொடுப்பாரைத்தான் நாட வேண்டும். அவ்வாறு நாடிச் செல்லும் முன்னாள் படைவீரர், படைவாழ்வு இன்னதென அறியாத ஒரு நிறுவனத்தாரிடம் தம் தகுதியை எவ்வாறு புலப்படுத்துவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுவையும் படைவாழ்வும்

புதுவை மக்களுக்குப் படைவாழ்வு புதியதன்று. கடற்கரைச் சாலையில் 1938இல் திறந்துவைக்கப்பெற்ற பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம், முதல் உலகப் போரில் உயிர்நீத்த இம்மண்ணின் வீரர்களை இன்றும் நினைவூட்டி நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 14ஆம் நாள் பதக்கங்களைச் சட்டையில் அணிந்து அணிவகுத்து வரும் முதியவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களை ஊரார் 'சொல்தா' என்பர். வீரன் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் புதுவைத் தமிழில் புகுந்து, பிரெஞ்சுப் படையில் பணியாற்றி மீண்டவர் என்னும் பொருளில் நிலைத்துவிட்டது.

1881ஆம் ஆண்டு ஆணையின் வழியே தம் தனிச் சட்டநிலையைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பத்தினர் பலர், அரசுப் பணிக்கும் படைப்பணிக்கும் செல்லும் வாய்ப்பைப் பெற்றனர். புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சைகோனுக்குக் கப்பலேறியவர் பலர். 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் அது சட்டப்படி முழுமையுற்றது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்து கொண்டவர்களின் பிள்ளைகள் அதன் பின்னரும் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தனர். பதினைந்து ஆண்டுகள் பணியாற்றி, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பினர்.

இதனால் புதுவையில் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. படையிலிருந்து திரும்பியவர் என்றால், அயல்நாட்டு ஓய்வூதியம் பெற்று மாலையில் கடற்கரையில் காற்று வாங்குபவர் என்று பலர் கருதிக்கொள்கின்றனர். இந்தியப் படையிலிருந்து திரும்புவோரின் நிலை முற்றிலும் வேறு என்பதை அவர்கள் அறியார்.

இளமையில் ஓய்வு

இந்திய முப்படைகளிலிருந்தும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் ஓய்வு பெறுகின்றனர். படையை இளமையோடு வைத்திருக்க வேண்டும் என்பதற்காகச் சிப்பாய் நிலையில் உள்ளோரைப் பதினைந்து முதல் பதினேழு ஆண்டுப் பணிக்குப் பின் விடுவிப்பது வழக்கமாக இருந்து வருகிறது. அப்போது அவர்க்கு வயது முப்பத்தைந்து முதல் நாற்பதுக்குள் இருக்கும். மகன் ஆறாம் வகுப்பில் இருப்பான். மகள் அதற்குக் கீழ் இருப்பாள். வீட்டுக் கடன் பாதியில் நிற்கும். ஓய்வூதியமோ இறுதியாகப் பெற்ற அடிப்படை ஊதியத்தில் பாதி. ஏனையோர் பணியில் காலூன்றும் வயதில் இவர் பணியிலிருந்து வெளியேறுகிறார்.

2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பெற்ற அக்னிபாத் திட்டம் இச்சிக்கலை மேலும் கூர்மையாக்கியுள்ளது. இதன்படி சேர்வோர்க்குப் பணிக்காலம் நான்கே ஆண்டுகள். அவர்களுள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை படையில் தொடரலாம். ஏனையோர் ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாய்ச் சேவை நிதியோடு வெளியேற வேண்டும். ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்னும் தகுதிநிலையும் இல்லை. முதல் அணியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சியில் சேர்ந்தனர். அவர்களது நான்காண்டு 2026 இறுதியிலிருந்து நிறைவுறத் தொடங்குகிறது. இருபத்தைந்து வயது நிரம்பாத இளைஞர் பலர் தம் தகுதியை எடுத்துரைக்க வேண்டிய நிலைக்கு வருவர். நம் மாணவர்களுள் சிலரும் அவருள் இருக்கக்கூடும்.

சட்டம் திறக்கும் கதவு

போரிலிருந்து மீண்டவர்க்கு வாழ்வளிப்பது அரசின் கடமை என்பதை உலக நாடுகள் ஏற்றுள்ளன. போரில் உடலுறுப்பு இழந்தோர்க்கு அரசுப் பணியிடங்களை ஒதுக்கும் சட்டத்தைப் பிரான்சு 1923இல் இயற்றியது. அமெரிக்கா 1944இல் இயற்றிய மறுவாழ்வுச் சட்டத்தால், 1956ஆம் ஆண்டிற்குள் ஏறத்தாழ 78 இலட்சம் வீரர்கள் கல்லூரிக் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். துப்பாக்கி ஏந்திய கை புத்தகம் ஏந்திய மாற்றத்திற்கு இது தக்க சான்றாகும்.

நம் நாட்டிலும் வழிகள் உள. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் நூற்றுக்குப் பத்து இடங்கள் முன்னாள் படைவீரர்க்கு உரியன. பொதுத்துறை நிறுவனங்களின் அதே பிரிவில் இது 14.5 விழுக்காடாக, ஊனமுற்ற வீரர்க்கும் உயிர்நீத்தார் குடும்பத்திற்கும் உரிய பங்கையும் சேர்த்து அமைந்துள்ளது. வயது வரம்பிலும் சலுகை உண்டு. ஒருவருடைய வயதிலிருந்து அவர் படையில் பணியாற்றிய ஆண்டுகளைக் கழித்து, எஞ்சும் வயது, அப்பணிக்குரிய உச்ச வயதை மூன்றாண்டுக்கு மேல் விஞ்சாதிருந்தால் போதும். முப்பத்தேழு வயதில், பதினேழு ஆண்டுப் பணி முடித்து வந்தவர் இக்கணக்கில் இருபது வயது இளைஞராகவே கொள்ளப்படுவார். மெட்ரிகுலேஷன் தேறிப் பதினைந்து ஆண்டு பணியாற்றியவர், தொழில்நுட்பக் கல்வி வேண்டாத 'சி' பிரிவுப் பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாகக் கொள்ளப்படுகிறார்.

பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வுத் தலைமை இயக்ககம், ஓய்வுக்கு முந்திய காலத்திலேயே தொழிற்பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. புதுவையில் முன்னாள் படைவீரர் நலத்துறை உண்டு. தமிழ்நாட்டில் 1986இல் தொடங்கப்பெற்ற டெக்ஸ்கோ என்னும் அரசு நிறுவனம், முன்னாள் படைவீரர்களைக் காவல் பணிகளில் அமர்த்தி வருகிறது.

எனினும், சட்டம் கதவைத் திறந்துவிடுமேயன்றி உள்ளே அழைத்துச் சென்று நாற்காலியில் அமர்த்தாது. மத்திய அரசுத் துறைகள் பலவற்றில் ஒதுக்கீட்டு இடங்கள் முழுமையாக நிரம்புவதில்லை என்பதை அரசு வெளியிட்ட புள்ளிவிவரங்களே காட்டியுள்ளன. தனியார் துறையிலோ ஒதுக்கீடு என்பதே இல்லை. அங்குத் தம் தகுதியைத் தாமே நிறுவ வேண்டும். அதற்குரிய கருவி மொழி. அதனாற்றான் தமிழாசிரியனாகிய நான் இப்பொருளைப் பற்றி எழுதத் துணிந்தேன். துணிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அது என் பிழை பற்றியது.

நான் எழுதிய விண்ணப்பம்

எங்கள் தெருவில் வாழும் நண்பர் ஒருவர், இந்தியத் தரைப்படையில் பதினேழு ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். புதுவையை அடுத்த ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுப்பதாகக் கேள்வியுற்று, "பாய், நீங்க தமிழ் வாத்தியார், நல்லா ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்க" என்று கேட்டார். நானும் மகிழ்ந்து எழுதினேன். பனிமலை உச்சியில் கண்துஞ்சாது எல்லை காத்த தீரம், தாய்மண் மீது கொண்ட தணியாத பற்று, கடமை தவறாத கட்டுப்பாடு என்று இரண்டு பக்கம் நிரம்பியது. படித்துப் பார்த்து நானே பெருமிதம் கொண்டேன்.

அந்நிறுவனத்தார் அதனைப் படித்துவிட்டு, "எல்லையைக் காத்தவர், எங்கள் வாயிலையும் காப்பார்" என்று வாயிற்காவலர் வேலை கொடுத்தனர். எந்த வேலையும் இழிவன்று. காவல் வேலையும் மதிக்கத்தக்கதே. ஆனால் அவர் திறம் அதுவன்று. ஓராண்டு அங்குப் பணியாற்றிய பின் ஒருநாள் அவர் என்னிடம் சொன்னார்: "நான் பதினோரு வருஷம் ஸ்டோர் பார்த்தேன் பாய். ஊசியிலிருந்து டயர் வரைக்கும் என் பொறுப்பு. அதை நீங்க எழுதவே இல்லையே."

அன்று நான் நாணினேன். எழுதும்முன் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீரன் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, நான் கற்ற இலக்கியத்தை அவர்மேல் ஏற்றிவிட்டேன். அந்தச் சொல்லே அவர் கற்ற தொழிலை மறைத்துவிட்டது.

நன்னூல் காட்டும் நெறி

"உங்கள் திறமையை ஏன் நீங்களே சொல்லவில்லை?" என்று அவரைக் கேட்டேன். "நம்மை நாமே புகழ்ந்துகொள்ளலாமா?" என்றார். படையில் தனிமனிதன் தன்னை முன்னிறுத்துவதில்லை. 'நாங்கள்' என்றே பேசிப் பழகுகிறான். இப்பண்பு களத்தில் அணியாகும், நேர்காணலில் தடையாகிவிடுகிறது.

இதற்கு நம் இலக்கணமே விடை தந்துள்ளது. தற்புகழ்ச்சி குற்றம் என்பதே தமிழ் மரபு. ஆயினும் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில், புலவன் தன்னைப் புகழ்வது தகுமென நான்கு இடங்களை விலக்காகக் கூறியுள்ளார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் திறம் அறியாதார் நடுவில் நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், மாற்றான் தன்னைப் பழிக்கும்போதும் ஒருவன் தன் திறத்தைத் தானே கூறலாம். முதல் இரண்டையும் கருதிப் பார்க்க வேண்டுகிறேன். அன்றைய ஓலையே இன்றைய விண்ணப்பம். திறம் அறியாதார் நடுவில் நிற்பதே இன்றைய நேர்காணல்.

திருக்குர்ஆன் கூறும் யூசுஃப் நபி (அலை) வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. சிறையிலிருந்து விடுபட்டு மன்னன் முன் நின்ற அவர், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு தாமே கேட்டார். தாம் காக்க வல்லவர் என்பதையும் அத்தொழிலை அறிந்தவர் என்பதையும் காரணமாகக் கூறினார். தம் குலப்பெருமையையோ பட்ட துன்பத்தையோ அவர் பேசவில்லை. கேட்ட பணிக்கு எத்தகுதி வேண்டுமோ அதனை மட்டும் அளவோடு மொழிந்தார். உள்ள திறத்தை உரிய இடத்தில் உள்ளவாறு கூறுவது செருக்காகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

படைமொழியைக் குடிமொழியாக்கல்

நானும் நண்பரும் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று மாலைப்பொழுது அமர்ந்தோம். அப்போது கற்றவற்றை இங்குத் தொகுத்துரைக்கிறேன்.

முதலாவது, பதவிப்பெயரை விளக்க வேண்டும். ஹவில்தார் என்றால் நிறுவன மேலாளர்க்கு ஒன்றும் விளங்காது. ஹவில்தார் நடத்தும் காலாட்படைச் செக்‌ஷனில் ஏறத்தாழப் பத்துப் பேர் இருப்பர். அவர்களுடைய பயிற்சி, உடல்நலம், விடுப்பு, ஒழுங்கு, பொருள்கள் ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. காலாட்படைக் கம்பெனி ஒன்றில் ஏறத்தாழ 120 பேர். அதன் குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் அத்தனை பேரின் உணவு, உடை, படுக்கை, கருவிகளுக்குக் கணக்கு வைக்கிறார். 'ஹவில்தாராக இருந்தேன்' என்பதை விட, '120 பேருக்குரிய பண்டங்களைப் பெற்று, காத்து, பகிர்ந்து, தணிக்கைக்குக் கணக்குக் காட்டினேன்' என்று எழுதினால் எந்த மேலாளர்க்கும் விளங்கும்.

இரண்டாவது, தொழிலைப் பெயரிட்டுக் கூற வேண்டும். படையில் எல்லாரும் சுடுவது மட்டுமே செய்கின்றனர் என்பது பொதுமக்கள் எண்ணம். எழுத்தர், பண்டகக் காப்பாளர், ஓட்டுநர், சமையற்காரர், மருத்துவ உதவியாளர், கம்பியில்லாச் செய்தி இயக்குநர், வண்டி பழுதுபார்ப்பவர் எனப் படை ஒரு முழு ஊரையே தன்னகத்தே கொண்டுள்ளது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் பொறியாளர் படையில் பணியாற்றும் தமிழர் பலர். பாலம் அமைத்தல், கொத்துவேலை, தச்சுவேலை, மின்பணி, குழாய்ப்பணி ஆகியவற்றுள் ஒன்றில் அவர்கள் தேர்ச்சி பெறுகின்றனர். 'சாப்பர்' என்று எழுதினால் அறியார். 'பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள மின்பணியாளர்' என்று எழுதினால் அறிவர்.

மூன்றாவது, அளவைக் குறிக்க வேண்டும். மலைப்பாதையில் வண்டி ஓட்டினேன் என்பது செய்தி. எத்தனை ஆண்டுகள், எவ்வகை வண்டி, எத்தனை டன், எத்தனை கிலோமீட்டர், விபத்து நேர்ந்ததா இல்லையா என்பது சான்று. என் நண்பர் தாம் காத்த பொருள்களின் வகைகளை எண்ணினார். நானூற்றுக்கும் மேல் வந்தன. முன்னம் நான் எழுதிய இரண்டு பக்கத்தில் ஓர் எண் கூட இருந்ததில்லை. ஆனால் படையின் மறைபொருளாகிய இடம், கருவி, எண்ணிக்கை முதலியவற்றை எழுதுதல் கூடாது.

நான்காவது, சுருக்கக் குறியீடுகளைத் தவிர்க்க வேண்டும். படைமொழி முழுவதும் எழுத்துச் சுருக்கங்களால் ஆயது. அவை உள்ளோர்க்கு விளக்கு, வெளியோர்க்கு இருள்.

ஐந்தாவது, சான்றுகளை இணைக்க வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் தொழிற்பிரிவு, பெற்ற பயிற்சிகள், நடத்தை மதிப்பீடு ஆகியன உள்ளன. ஒருவர் நடத்தை 'எக்ஸம்ப்ளரி', அஃதாவது பிறர்க்கு எடுத்துக்காட்டாகத் தக்கது, என்று அதில் குறிக்கப்பட்டிருப்பின், அது பல ஆண்டுகள் மேலதிகாரிகள் பார்த்து வழங்கிய நற்சான்றாகும். பலர் இதனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். படையில் பெற்ற ஓட்டுநர் உரிமம், தொழிற்சான்று முதலியவற்றுக்கு ஈடான குடிமைச் சான்றுகளைப் பணியில் இருக்கும்போதே பெற முயல்வது அறிவுடைமை.

கற்கவேண்டியவும் மறக்கவேண்டியவும்

புலப்படுத்துவதற்கு முன் சிலவற்றைப் புதிதாகக் கற்கவும் வேண்டும். படையில் கட்டளை பிறந்தால் வினை நிகழும். குடிமை நிறுவனத்தில் கட்டளைக்குப் பதிலாக வேண்டுகோளும் விளக்கமும் வேலை செய்கின்றன. "ஏன்?" என்று கேட்கும் உடன்பணியாளர் கீழ்ப்படியாதவர் அல்லர், அஃது அங்குள்ள வழக்கம். ஆறு மணி என்றால் ஐந்தே முக்காலுக்கு நிற்கும் பழக்கம் பொன்போன்றது. ஆனால் ஆறு மணி பத்து நிமிடத்திற்கு வருபவனைக் கண்டு சினந்தால், அப்பழக்கமே பகையாகிவிடும்.

கணிப்பொறியில் சரக்குக் கணக்கு வைக்கும் முறை இன்று எல்லா நிறுவனங்களிலும் உள்ளது. பேரேட்டில் எழுதிப் பழகியவர் மூன்று மாதம் முயன்று இதனைக் கற்றுவிட்டால், அவரது பழைய அறிவு புது உயிர் பெறும். நேர்காணலில் விறைத்து நின்று, கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறுவதும் மாற வேண்டும். ஓர் இடர் நேர்ந்ததையும், தாம் செய்ததையும், அதனால் விளைந்த பயனையும் நான்கு வாக்கியங்களில் சொல்லப் பழகுதல் நலம்.

வேலை கொடுப்போர் கடன்

ஒரு கை மட்டும் தட்டினால் ஓசை எழாது. திருவள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்களை வகுத்தது வேலை கொடுப்போர்க்காக. ஆளை ஆராய்வதும், அவர்க்குத் தக்க பணியைத் தேர்வதும் அவர்தம் பொறுப்பு. மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, திருபுவனை எனப் புதுவையில் தொழிற்பேட்டைகள் பல உள. அவற்றின் மேலாளர்கள், முன்னாள் படைவீரர் ஒருவர் வந்தால் வாயிற்கதவை மட்டும் காட்டாமல், "படையில் நீங்கள் செய்த வேலை என்ன?" என்று ஒரு கேள்வி கேட்பாராயின் பெரும்பயன் விளையும். அக்கேள்வியை நானே கேட்கத் தவறியவன் என்பதால் இதனை வலியுறுத்துகிறேன்.

மூஸா நபி (அலை) எகிப்திலிருந்து ஏதிலியாக மத்யன் நகர் சேர்ந்தபோது, கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆட்டுமந்தைக்கு நீர் புகட்டி உதவினார். அப்பெண்களுள் ஒருத்தி தன் தந்தையிடம் அவரைப் பணிக்கு அமர்த்துமாறு கூறியபோது, வலிமையும் நம்பகமும் உடையவரே பணிக்குச் சிறந்தவர் என்னும் கருத்தை முன்வைத்ததாகத் திருக்குர்ஆனின் அல்கஸஸ் அத்தியாயம் குறிப்பிடுகிறது. பணியாளர்க்கு வேண்டிய தகுதிகளை இவ்விரண்டில் அடக்கிவிடலாம். படையிலிருந்து மீள்வோரிடம் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்திருத்தல் கண்கூடு.

முடிவுரை

நண்பரின் புதிய விண்ணப்பம் ஒரே பக்கத்தில் முடிந்தது. அதில் பனிமலையும் இல்லை, தீரமும் இல்லை. பண்டகப் பொறுப்பு, ஆண்டுகள், பொருள்வகைகள், தணிக்கை, நடத்தைச் சான்று, கற்றுவரும் கணிப்பொறிப் பயிற்சி ஆகியவை மட்டுமே இருந்தன. நான்கு இடங்களுக்கு விடுத்தார். மூன்று இடங்களிலிருந்து விடை வரவில்லை. நான்காவது இடத்தில் அழைத்தனர். இன்று அங்கே பண்டகப் பொறுப்பாளராக உள்ளார்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் தேசிய மாணவர் படையில் சேர்ந்தோர் உளர். படைப்பணிக்கு விண்ணப்பிக்க எண்ணுவோரும் உளர். படையில் சேரும் நாளிலேயே ஒரு குறிப்பேடு வாங்கி, என்ன கற்றோம், எதற்குப் பொறுப்பேற்றோம், எத்தனை பேரை வழிநடத்தினோம் என்பதை மாதந்தோறும் எழுதி வாருங்கள். மீண்டு வரும் நாளில் அதுவே உங்கள் விண்ணப்பமாகும். படைக்குச் செல்லாதோர், உங்கள் தெருவில் மீண்டு வந்துள்ள ஒருவர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். எழுதும்முன் அவரைப் பேசவிட்டுக் கேளுங்கள். தமிழ் கற்றதன் பயன்களுள் அதுவும் ஒன்று.